காலனிய அமெரிக்காவின் காற்றாலையும் நீராலையும்: வார்கேம் மேசைக்கான கேள்வி பதில்கள்

மேசைமேல் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டி, பழைய போர்களை ஆடிப் பார்ப்பவர்களுக்கான பக்கம் இது. நான் எடுத்துக்கொண்டது காலனிய அமெரிக்கா. 1620-களில் தொடங்கி, 1783-இல் விடுதலைப் போர் முடியும் வரையிலான காலம். இந்தக் காலத்து மேசைக்கு ஆலை கட்ட நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

என் மேசைக்குக் காற்றாலை வேண்டுமா, நீராலை வேண்டுமா?

பெரும்பாலும் நீராலைதான். காற்றாலை மேசையில் ஏறியதுமே எல்லார் கண்ணும் அதன்மேல்தான் விழும். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் 13 காலனிகளின் உட்பகுதியில் ஓடைகளுக்குப் பஞ்சமே இல்லை. உள்நாட்டு மேட்டிலிருந்து கடலோரச் சமவெளிக்கு இறங்கும் இடத்தில் ஆறுகள் பாறை தாண்டிச் சரிந்து விழும். ட்ரென்டன், ரிச்மண்ட் இரண்டும் அப்படிப்பட்ட இடத்தில் எழுந்த ஊர்கள்தான். விழுகிற தண்ணீர் இருக்கும்போது காற்றை நம்பி யார் ஆலை கட்டுவார்கள்?

நிலம் தட்டையாக, மணலாக இருந்து, ஓடையில் வேகம் இல்லாமல், காற்று மட்டும் ஓயாமல் அடிக்கும் கடற்கரைகளில்தான் காற்றாலை நின்றது. கேப் காட், நாண்டக்கெட் தீவு, ரோட் ஐலண்ட், லாங் ஐலண்டின் கிழக்கு முனை, டச்சுக்காரர்கள் இருந்த மன்ஹாட்டன் முனை, விர்ஜீனியாவின் கடலோரத் தாழ்நிலம், இவைதான் முக்கியமான இடங்கள். நியூயார்க் மாநகர முத்திரையில் இன்றைக்கும் காற்றாலை இறக்கைகளும் மாவுப் பீப்பாய்களும் இருக்கின்றன. அந்த ஊர் மாவு விற்று வளர்ந்த ஊர்.

ஆக, கரோலினா உள்நாட்டுச் சண்டையை ஆடும் மேசையில் காற்றாலை வைத்தால் அது பொருந்தாது. ரோட் ஐலண்ட் மேசையில் தயங்காமல் வையுங்கள்.

காற்றாலை என்றால் எந்த வடிவம்? கடையில் கிடைப்பவை ஆளுக்கொரு மாதிரி இருக்கின்றனவே?

நம் ஊரில் காற்றாலை என்றதும் ஆரல்வாய்மொழிப் பக்கம் வரிசையாக நிற்கும் மின்சாரக் காற்றாலைதான் மனதில் வரும். இது மாவரைக்கிற ஆலை. நம் காலத்துக்கு மூன்று வடிவங்கள் பொருந்தும்.

முதலாவது ஒற்றைத்தூண் ஆலை. பெட்டி மாதிரியான மரக் கட்டடம் முழுவதும் ஒரே ஒரு பருத்த தூணின் மேல் உட்கார்ந்திருக்கும். காற்று திசை மாறினால் கட்டடத்தையே பிடித்துத் திருப்ப வேண்டும். விர்ஜீனியாவின் ஃப்ளவர்டியூ ஹண்ட்ரடில் 1621-இல் ஜார்ஜ் யார்ட்லி கட்டியதுதான் வட அமெரிக்க ஆங்கிலக் காலனிகளின் முதல் காற்றாலை என்பார்கள். வில்லியம்ஸ்பர்கில் மறுபடி கட்டி வைத்திருக்கும் ராபர்ட்சன் காற்றாலை இந்த வடிவம்தான். படம் தேடிப் பாருங்கள், பின்பக்கத்து ஏணிப்படியும் திருப்பும் நீளமான மரமும் தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது, எட்டுப் பட்டை கொண்ட மரக்கோபுரம். மேலே போகப் போகக் குறுகும். இதில் திரும்புவது உச்சித் தொப்பி மட்டும்தான். நாண்டக்கெட்டில் 1746-இல் கட்டிய ஆலை இந்த வகை, இன்றும் மாவரைக்கிறது. தொப்பியிலிருந்து ஒரு நீண்ட வால்மரம் சாய்வாக இறங்கித் தரையைத் தொடும். அதன் நுனியில் ஒரு வண்டிச் சக்கரம் இருக்கும். அந்தச் சக்கரத்தை உருட்டினால் தொப்பியும் இறக்கைகளும் காற்றைப் பார்த்துத் திரும்பும். மேசையில் இந்த வால்மரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், ஆலை காற்றுக்கு எப்படித் திரும்பும் என்பதற்குப் பதிலே இருக்காது.

மூன்றாவது கல் கோபுரம். காலனிகளில் அரிது. நியூபோர்ட்டில் வளைவுகள் மேல் நிற்கும் வட்டக் கல் கோபுரம் ஒன்று உண்டு. ரோட் ஐலண்ட் ஆளுநராக இருந்த பெனடிக்ட் ஆர்னால்ட் 1677-இல் எழுதிய உயிலில் அதைத் தன் கல் காற்றாலை என்றே குறிப்பிட்டிருக்கிறார். (பின்னாளில் விடுதலைப் போரில் ஆங்கிலேயர் பக்கம் மாறிய தளபதிக்கும் இதே பெயர்தான். இவர் அவருடைய முன்னோர்.)

வாங்கவே கூடாதது ஒன்று உண்டு. இரும்புச் சட்டக் கோபுரத்தின் மேல் நிறையத் தகடுகள் சுற்றுமே, கௌபாய் படங்களில் தண்ணீர் இறைக்குமே, அது. தானாகவே காற்றுக்குத் திரும்பும் அந்த வகையை டேனியல் ஹாலடே உருவாக்கியது 1854-இல். நம் போர் முடிந்து 70 வருடம் கழித்து வந்தது.

காற்றாலையை மேசையில் எங்கே நிறுத்துவது?

மேட்டில், சுற்றிலும் மரம் இல்லாமல். இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. பாஸ்டன் குடியேற்றத்தின் ஆளுநர் ஜான் வின்த்ராப் தன் நாட்குறிப்பில் 1632-இல் எழுதியது இது: நியூடவுன் அருகே நின்ற காற்றாலை மேற்குக் காற்றுக்கு மட்டுமே அரைத்ததால், அதைப் பெயர்த்துப் பாஸ்டனுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே அது ஒரு குன்றின்மேல் நின்றது. ஆலையைப் பெயர்த்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோவது அவர்களுக்குப் பெரிய விஷயமாகவே இல்லை. கேப் காட்டில் ஈஸ்ட்ஹாம் ஊர் ஆலை 1680-இல் பிளிமத்தில் கட்டப்பட்டு, ட்ரூரோவுக்குப் போய், 1793-இல் ஈஸ்ட்ஹாம் வந்து சேர்ந்தது.

இறக்கை எவ்வளவு நீளம்? எந்தப் பக்கம் சுற்றும்?

நுனிக்கு நுனி 50 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 மி.மீ. உயரப் பொம்மைகளுக்கு 1/56 என்ற விகிதத்தில் அது 27 செ.மீ. வரும். 15 மி.மீ. பொம்மைகளுக்கு 1/100 என்றால் 15 செ.மீ. 28-இல் 27 செ.மீ. என்பது மேசையில் கை நீட்டும்போதெல்லாம் முழங்கையில் இடிக்கும். நான் முக்கால் பங்காகக் குறைத்து 20 செ.மீ. வைத்திருக்கிறேன், கண்ணுக்கு உறுத்தவில்லை. கதவை மட்டும் குறைக்காதீர்கள். பொம்மை பக்கத்தில் நிற்கும்போது கண் முதலில் கதவைத்தான் அளக்கும்.

முன்னால் நின்று பார்த்தால் பெரும்பாலான ஆலைகளில் இறக்கை இடஞ்சுழியாகச் சுற்றும். இறக்கை என்பது மரச் சட்டத்தின்மேல் கித்தான் விரித்துக் கட்டியது. காற்று பலமானால் கித்தானைச் சுருட்டுவார்கள், ஆலை ஓடாதபோது கழற்றிவிடுவார்கள். படை ஊருக்குள் வந்துவிட்ட நாளில் எந்த ஆலைக்காரரும் அரைத்துக்கொண்டிருக்க மாட்டார். அதனால் வெறும் சட்டமாகவே விடலாம், வேலையும் பாதியாகும்.

நீர்ச்சக்கரத்தில் எந்த வகையை எடுப்பது?

இங்கேதான் நிறைய மேசைகள் தவறுகின்றன. நான் கட்டிய முதல் ஆலையும் தவறியது. பெரிய சக்கரம், அதன் தலைக்கு மேல் மரத்தொட்டி வாய்க்கால், கீழே தட்டையான மேசையில் நீலமாக ஒரு ஓடை. விளையாட வந்த நண்பர் பார்த்துவிட்டு, "தண்ணி மேல எப்படி ஏறிச்சு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குத்தான் சக்கரத்தைவிட அதற்கு வரும் தண்ணீரை முதலில் யோசிக்க வேண்டும் என்று புரிந்தது.

மேல்வீழ் சக்கரத்துக்குத் தண்ணீர் உச்சியில் வந்து விழவேண்டும். ஜார்ஜ் வாஷிங்டன் 1770-71-இல் மவுண்ட் வெர்னன் பண்ணைக்காகக் கட்டிய கல் ஆலையில் இருப்பது இதுதான், 16 அடிச் சக்கரம். 1/56-இல் அது கிட்டத்தட்ட 9 செ.மீ. அப்படியென்றால் உங்கள் குளத்து நீர்மட்டம், ஆலைக்கு அடியில் வெளியேறும் வாய்க்காலைவிட 9 செ.மீ. உயரத்தில் இருக்கவேண்டும். மேசையில் குன்று இருந்தால் சரி. இல்லாவிட்டால் மேசையின் ஓரத்திலிருந்து மரக்கால்களின்மேல் ஒரு தொட்டி வாய்க்காலை ஓட்டி வாருங்கள். தண்ணீர் மேசைக்கு வெளியே இருக்கும் மேட்டிலிருந்து வருகிறது என்று எல்லாரும் ஏற்றுக்கொள்வார்கள். நிஜத்திலும் அரை மைல், ஒரு மைல் தூரத்திலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த ஆலைகள் உண்டு.

கீழ்ச்சக்கரத்துக்கு உயரம் வேண்டாம். ஓடும் தண்ணீர் அடியில் உள்ள பலகைகளைத் தள்ளும். தட்டையான மேசைக்கு இதுதான் நேர்மையான தேர்வு. இரண்டுக்கும் நடுவில், தண்ணீர் சக்கரத்தின் இடுப்பளவில் வந்து மோதும் வகையும் உண்டு. சின்னத் தடுப்பணையோடு அது நன்றாகப் பொருந்தும்.

எல்லைப்புறக் குடியிருப்பு என்றால் இன்னும் சுலபம். அங்கே படுக்கையாகச் சுழலும் சின்னச் சக்கரம்தான் இருந்தது. நடுவில் செங்குத்தாக ஓர் அச்சு, அதன் மேல்முனையில் நேரடியாகக் கல், பல்சக்கரமே கிடையாது. ஓடைமேல் கால் ஊன்றிய ஒரு மரக்குடிசை கட்டினால் போதும், சக்கரம் வெளியே தெரியவே தெரியாது.

அப்புறம் கடல்மட்டம் ஏறி இறங்கும் கழிமுகங்களில் ஓத ஆலை. ஏற்றத்தில் கடல்நீர் குளத்துக்குள் வரும், கதவு மூடிக்கொள்ளும், வற்றம் வந்ததும் தேங்கிய நீரைச் சக்கரத்தின்மேல் விடுவார்கள். பாஸ்டனிலும் புரூக்ளின் பக்கத்து கவானஸ் ஓடையிலும் இந்த வகை இருந்தது.

ஆலைக் கட்டடத்தை மட்டும் வாங்கி ஓடைக்கரையில் வைத்தால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தை எழுதியதே இதைச் சொல்லத்தான். ஆலையைச் சேர்ந்தவை ஐந்து: அணை, அணைக்குப் பின்னால் குளம், மதகு, வாய்க்கால், சாலை. ஊரில் தானியம் விளைவிக்கும் ஒவ்வொருவரும் மூட்டையோடு அங்கே வந்தாகவேண்டும், அதனால் எல்லாச் சாலையும் ஆலைக்கு வரும். அணைக்குக் கீழே தண்ணீர் குறைவு, அதனால் ஆற்றைக் கடக்கும் துறையோ பாலமோ பக்கத்திலேயே இருக்கும். காத்திருப்பவர்களுக்காகக் கொல்லர் கடையும் சாராயக் கடையும் வரும். பிறகு அந்த இடத்துக்கு ஆலைக்காரர் பெயரே ஊர்ப்பெயராகிவிடும். விடுதலைப் போரின் தெற்கத்திச் சண்டைகளில் பலவற்றுக்கு ஏன் ஆலைப் பெயர் என்று கேட்டால் இதுதான் காரணம். படை சாலை வழியாகத்தான் வரும், ஆற்றைக் கடந்தாகவேண்டும், சாப்பிட்டாகவேண்டும். மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன.

சாப்பாட்டைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1775-இல் காலனிகளின் பொது மன்றமான கான்டினென்டல் காங்கிரஸ் தன் படைக்கு வகுத்த ரேஷனில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு ரொட்டி அல்லது மாவு. ஆயிரம் பேர் கொண்ட படைக்குத் தினமும் ஏறக்குறைய 450 கிலோ மாவு. ஆலை இல்லாத இடத்தில் என்ன ஆனது தெரியுமா? கரோலினாவில் ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸின் சிப்பாய்கள் தங்கள் தகரத் தண்ணீர்க் குடுவையைப் பிரித்து, துப்பாக்கி ஈட்டிமுனையால் அதில் ஓட்டை ஓட்டையாகக் குத்தி, தேங்காய் துருவுகிற மாதிரி மக்காச்சோளக் கதிரை அதில் தேய்த்து மாவெடுத்தார்கள். நாள் முழுக்க நடந்துவிட்டு, ராத்திரியில் இந்த வேலை. இதைப் படித்த பிறகு என் மேசையில் ஆலையை வெறும் அலங்காரமாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆலையை மையமாக வைத்து எந்தப் போர்களை ஆடலாம்?

நான் முதலில் சொல்வது வட கரோலினாவின் ராம்சோர் ஆலைப் போர், 1780 ஜூன் 20. ஆங்கில அரசர் பக்கம் சுமார் 1,300 பேர் ஆலைக்கு அருகிலுள்ள மேட்டில் முகாமிட்டிருந்தார்கள். அவர்களில் பலருக்குக் கையில் ஆயுதமே இல்லை. விடுதலைப் பக்கம் சுமார் 400 பேர், கர்னல் ஃப்ரான்சிஸ் லாக் தலைமையில், விடிகாலை மூடுபனியில் வந்து பாய்ந்தார்கள். இரண்டு பக்கமும் அக்கம்பக்கத்துக்காரர்கள், உறவுக்காரர்கள். யாருக்கும் சீருடை இல்லை. அடையாளத்துக்கு ஒரு பக்கம் தொப்பியில் பச்சைப் பைன் கொத்து, மறுபக்கம் வெள்ளைக் காகிதத் துண்டு. மேடு கைமாறியதும் தோற்றவர்கள் ஆலைப் பக்கமாக இறங்கி ஓடையைத் தாண்டி ஓடினார்கள். மேசையில் ஆலையும் குளமும் அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் இருக்கும். பின்வாங்குபவர்கள் அணைமேல் நெருக்கியடிக்கும் கட்டம் வரும்போது ஆட்டமே மாறிவிடும். சீருடை இல்லாததால் ஒரே பொம்மைகளை இரண்டு பக்கத்துக்கும் பயன்படுத்தலாம், தொப்பியில் ஒரு புள்ளி பச்சையோ வெள்ளையோ வைத்தால் போதும்.

அதே ஆலை இன்னொரு முறையும் வருகிறது. 1781 ஜனவரியில் கார்ன்வாலிஸ் அங்கே தங்கி, அமெரிக்கப் படையை வேகமாகத் துரத்துவதற்காகத் தன் படையின் மூட்டை முடிச்சுகளையும் பெரும்பாலான வண்டிகளையும் கொளுத்தினார். தீவைத்த வண்டிகளைச் சிறு காட்சியாகவே செய்து வைக்கலாம்.

அடுத்தது வெட்செல் ஆலை, 1781 மார்ச் 6. கில்ஃபர்ட் கோர்ட்ஹவுஸ் பெரும்போருக்கு ஒன்பது நாள் முன்னால். ஆலைக்குப் பக்கத்துத் துறையில் ஓதோ வில்லியம்ஸின் அமெரிக்கப் படை ரீடி ஃபோர்க் ஓடையைத் தாண்டிவிட்டு, பின்னால் வரும் ஆங்கில அதிகாரி வெப்ஸ்டரின் சிப்பாய்களைக் கரையில் நின்று தடுக்கிறது. ஒரு மரக்கட்டைப் பள்ளிக்கூடத்துக்குள் குறிபார்த்துச் சுடுவதில் தேர்ந்த 25 பேரை உட்காரவைத்தார்கள். குதிரைமேல் ஓடையில் இறங்கிய வெப்ஸ்டரைக் குறிவைத்து அவர்கள் மாறி மாறிச் சுட்டும் ஒரு குண்டுகூட அவர்மேல் படவில்லை. பகடை உருட்டுபவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

மஸ்கிரோவ் ஆலைப் போரில் (1780 ஆகஸ்ட்) சண்டை ஆலையில் நடக்கவில்லை. எனோரீ ஆற்றுக்கு மறுபக்கத்து மேட்டில் விடுதலைப் பக்கத்தினர் மரங்களை வெட்டி அரண்போட்டு, எதிரியை ஆசைகாட்டி இழுத்து அடித்தார்கள். ஆலையும் துறையும் மேசை ஓரத்தில் இருந்தால் போதும்.

சின்ன ஆட்டம் வேண்டுமானால் ரூஜ்லி ஆலை, 1780 டிசம்பர். வில்லியம் வாஷிங்டன் (ஜார்ஜின் உறவினர், குதிரைப்படைக்காரர்) வந்து பார்த்தால், எதிரிகள் உறுதியான மரக் களஞ்சியத்துக்குள் பதுங்கியிருக்கிறார்கள். அவரிடம் பீரங்கி இல்லை. ஒரு பைன் மரத்தை வெட்டி, பீரங்கி மாதிரி தூரத்தில் நிறுத்தி, சரணடையச் சொல்லி ஆள் அனுப்பினார். உள்ளே இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சுடாமலே சரணடைந்தார்கள்.

ஊர்ப்பகுதிக்கு ட்ரென்டனின் அசன்பிங்க் ஓடை, 1777 ஜனவரி 2. பாலத்தை ஒட்டியே ஆலை. பாலத்தின்மேல் ஆங்கிலப் படை திரும்பத் திரும்பப் பாய்ந்து, பீரங்கி அடியில் திரும்பியது. ஓத ஆலைக்கு புரூக்ளின், 1776 ஆகஸ்ட் 27. மேரிலாந்துச் சிப்பாய்கள் கல்வீட்டின்மேல் திரும்பத் திரும்பப் பாய்ந்து எதிரியைத் தடுத்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் கவானஸ் சேற்றையும் ஆலைக் குளங்களையும் நீந்திக் கடந்தார்கள்.

காற்றாலை வைக்க ஒரு போர் சொல்லுங்களேன்.

ரோட் ஐலண்ட் போர், 1778 ஆகஸ்ட் 29. அமெரிக்கப் படை நிலைகொண்ட பட்ஸ் ஹில்லுக்கு அந்தக் காலத்தில் காற்றாலைக் குன்று என்றே பெயர். கறுப்பினச் சிப்பாய்கள் நிறைந்த முதலாம் ரோட் ஐலண்ட் ரெஜிமென்ட் போரிட்டதும் இந்தப் போரில்தான்.

ஆலையைக் கைப்பற்றுவதைத் தவிர வேறு இலக்கு வைக்கலாமா?

எனக்குப் பிடித்ததே இதுதான். 1777 இலையுதிர்காலத்தில் ஆங்கிலப் படை பிலடெல்ஃபியாவைப் பிடித்துவிட்டது. செஸ்டர், வில்மிங்டன் பக்கத்து ஆலைகள் எதிரிக்கு மாவரைத்துவிடக் கூடாது என்று வாஷிங்டன், ஜெனரல் பாட்டருக்கு எழுதினார். ஆலையைக் கொளுத்தச் சொல்லவில்லை. சுழலும் கற்களை மட்டும் கழற்றி, எதிரி எளிதில் மீட்கமுடியாத தூரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். எந்தக் கல் எந்த ஆலைக்காரருடையது என்று தெரியும்படி தாரும் கொழுப்பும் கலந்து அடையாளம் போடவேண்டும், பிறகு திருப்பிக் கொடுக்கத்தான் என்றும் எழுதினார். போர் நடுவில் நிற்கும் ஒரு தளபதி, ஆலைக்காரரின் கல் அவரிடமே திரும்பவேண்டும் என்று யோசித்திருக்கிறார்.

நம் வீட்டுத் திரிகை மாதிரிதான் இதுவும். கீழ்க்கல் அசையாது, மேல்கல் சுழலும். ஆனால் இது நான்கு அடி அகலம், தூக்கக் கப்பி வேண்டும், வண்டி வேண்டும், எருது வேண்டும். 1/56-இல் 22 மி.மீ. வட்டம், ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். நடுவில் துளை, முகத்தில் நடுவிலிருந்து ஓரம் வரை ஓடும் கீறல்கள், ஓரத்தில் கறுப்பு மையால் ஒரு குறி. மூன்று ஆலை, மூன்று கல், ஒரு வண்டி, பத்துச் சுற்று. எத்தனை கல் மேசையைத் தாண்டுகிறதோ அத்தனை புள்ளி. ஆலையைக் கொளுத்தினால் புள்ளி கிடையாது என்று விதி வையுங்கள், ஏனென்றால் ஊர்க்காரர்கள் நம் ஆட்கள்.

மர அறுவை ஆலை வேறா?

வேறுதான். பக்கச் சுவர் திறந்தே இருக்கும், நீளமான தடிகள் உள்ளே போகவேண்டுமே. வாள் வட்டமானது அல்ல. ஒரு மரச் சட்டத்தில் நிமிர்ந்து நின்று மேலும் கீழும் ஓடும். அதனால் பலகையில் விழும் தடம் நேர்க்கோடாக இருக்கும். வட்ட வாளின் வளைந்த தடம் அடுத்த நூற்றாண்டுச் சங்கதி. 1758 ஜூலையில் டிகொண்டரோகா கோட்டைத் தாக்குதலை ஆடுபவர்களுக்கு லா ஷூட் ஆற்று அருவியருகே பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய அறுவை ஆலை அவசியம். போர் நடந்த நாளில் ஆங்கிலத் தளபதி அபர்குரோம்பி இருந்தது அங்கேதான்.

விதிகளில் ஆலையை எப்படிக் கையாள்வது?

என் வீட்டில் ஆடுவதைச் சொல்கிறேன், உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். குளத்தைக் கடக்க முடியாது. அணைமேல் ஒருவர்பின் ஒருவராகத்தான் போகலாம், போகும்போது சுட முடியாது. கல் ஆலை என்றால் நல்ல மறைப்பு, மர ஆலை என்றால் சாதாரண மறைப்பு. சுவரில் சன்னல் எத்தனையோ, ஒரு சுற்றில் அதன் இரண்டு மடங்கு ஆட்கள்தான் சுடலாம். ஆலைக்குள் எந்திரங்கள் அடைத்துக்கொண்டிருப்பதால் ஒரு பெரிய அணியை உள்ளே திணிக்க விடாதீர்கள். மதகு பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு சுற்று செலவழித்து அதைத் திறந்தால், அடுத்த இரண்டு சுற்றுக்குக் கீழே துறையில் கடப்பது கடினமாகும். ஆட்டத்துக்கு ஒரு தடவைதான், அதற்குள் குளம் வடிந்துவிடும்.

சக்கரம் செய்ய எளிய வழி?

28 மி.மீ. அளவுக்குச் சொல்கிறேன். 3 மி.மீ. சன்போர்டு என்ற நுரைப் பலகையில் 87 மி.மீ. வெளிவட்டமும் 67 மி.மீ. உள்வட்டமும் உள்ள வளையம் இரண்டு. எட்டு ஆரக்கால், மூங்கில் குச்சியில். அச்சுக்கு ஆறுபட்டைப் பென்சில் ஒன்றே போதும், நிஜத்தில் முக்கால் முழம் தடிமன் இருந்த மரம் அது, பட்டையும் பொருந்தும். வளையங்களுக்கு நடுவே 22 மி.மீ. இடைவெளி விட்டு, ஐஸ் குச்சியை நறுக்கி 36 தொட்டிப் பலகைகள். ஃபெவிகால் காய அரை நாள் விடுங்கள், அவசரப்பட்டால் வளையம் முறுக்கிக்கொள்ளும்.

தொட்டிகளின் சாய்வை ஒட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். தண்ணீர் இடமிருந்து வந்து உச்சியில் விழுகிறது என்றால், வலப்பக்கம் இறங்கும் தொட்டிகள் வானம் பார்க்கவேண்டும், இடப்பக்கம் ஏறும் தொட்டிகள் கவிழ்ந்திருக்கவேண்டும். விலைக்கு வாங்கும் ஆலைகளிலேயே இது தலைகீழாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

என்ன நிறம் அடிப்பது?

பலகைச் சுவர் பெரும்பாலும் வெயிலும் மழையும் பட்டு வெளுத்த சாம்பல். வசதியான ஆலை என்றால் செங்காவி. வெள்ளையைத் தவிர்த்துவிடுங்கள். சக்கரம் எப்போதும் நனைந்திருப்பதால் கறுப்புக்கு அருகிலான பழுப்பு, கீழ்ப்பாதியில் பாசிப் பச்சை, அச்சு முனையில் கொழுப்பின் மினுமினுப்பு. கதவுநிலை, சன்னல் அடி, மூட்டை இழுக்கும் மேல்வாசல் இங்கெல்லாம் உலர்ந்த தூரிகையால் வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளையைத் தடவுங்கள். மாவுத் தூசி படிந்த மாதிரி வரும். சுண்ணாம்பு வெள்ளை அடித்தால் பனி மாதிரி தெரியும்.

ஆலையைச் சுற்றி என்னென்ன ஆட்களை வைக்கலாம்?

மூட்டையோடு வரிசையில் நிற்கும் விவசாயிகள், குதிரைமேல் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்த சிறுவன், பீப்பாய் செய்பவர், ஆலைக்காரர். ஆலைக்காரருக்குக் கூலி அரைக்க வந்த தானியத்திலேயே. மசாசூசெட்ஸ் சட்டப்படி 16-இல் ஒரு பங்கு.

ஆலைக்காரர் என்றதும் எல்லாரையும் வெள்ளைக்காரராகவே தீட்டாதீர்கள். நியூயார்க்கின் ஸ்லீப்பி ஹாலோவில் ஃபிலிப்ஸ் குடும்பத்துப் பெரும்பண்ணை ஆலையை ஓட்டியது சீசர் என்ற அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர். கல்லின் இடைவெளியைக் காதால் கேட்டும் மாவை விரலால் தடவியும் கணிக்கிற நுட்பமான வேலை அது. 1750-இல் பண்ணை உரிமையாளர் இறந்தபோது எடுத்த சொத்துக் கணக்கில், ஆலைக் கருவிகளோடும் மாடுகளோடும் சேர்த்து 23 மனிதர்களையும் எழுதி வைத்திருந்தார்கள். அந்த ஆலையை மேசையில் வைப்பவர் சீசரையும் வைக்கவேண்டும் என்பது என் கட்சி.

வாளிச் சங்கிலி தானாகத் தானியத்தை மேலே ஏற்றும் ஆலையைப் படத்தில் பார்த்தேன். அதைச் செய்யலாமா?

நம் காலத்துக்குச் செய்ய முடியாது. அது ஆலிவர் எவன்ஸ் 1780-களில் டெலாவேரில் உருவாக்கி, 1790-இல் காப்புரிமை பெற்ற முறை. வாஷிங்டனே தன் ஆலையில் அதை 1791-இல்தான் பொருத்தினார். போர்க்காலத்தில் மூட்டையை மேலேற்றியது கப்பியும் கயிறும் மனிதத் தோளும்தான்.

குளிர்கால மேசையில் சக்கரத்தைப் பனிக்கட்டியாக்கலாமா?

ஆக்கலாம், உறைந்த சக்கரம் ஓடாது என்பதும் உண்மை. தொட்டி விளிம்புகளில் பசைத்துப்பாக்கியால் இழுத்த இழைகள் பனித்தொங்கல் மாதிரி நிற்கும். ஆனால் அசன்பிங்க் ஆட்டத்துக்கு மட்டும் வேண்டாம். 1777 ஜனவரி 2-இல் பனி இளகிச் சாலையெல்லாம் சேறாகி, ஆங்கிலப் படை நாள் முழுக்க அதில் சிக்கித் திணறியது. ராத்திரிதான் தரை மறுபடி இறுகியது, வாஷிங்டனின் பீரங்கிகள் சத்தமில்லாமல் பிரின்ஸ்டனுக்கு நழுவியதும் அந்த இறுகிய தரையின்மேல்தான். அதனால் ஆலையைச் சுற்றி அடர்பழுப்புச் சேறு, சக்கரத் தடங்களில் தேங்கிய நீர், நிழல் விழும் மூலைகளில் மட்டும் கொஞ்சம் அழுக்கேறிய பனி.